ரிமோட்டில் 24, மெத்தையில் ஈரம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் போன்களின் தன்மை மாறிவிடும். மிக்ஸி, மோட்டார், வாஷிங் மெஷின் எது மக்கர் பண்ணினாலும் சொந்தக்காரர்கள் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். மெக்கானிக்கல் படித்ததற்குக் கிடைத்த ஆயுள் தண்டனை. சித்திரை, வைகாசியில் "ஏசி கூல் ஆகலை" என்பார்கள். மழைக்காலத்தில் "கூல் ஆகுது, ஆனா நசநசன்னு இருக்கு" என்பார்கள். முதல் புகாருக்கு மெக்கானிக்குகளிடம் பதில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் முதலுக்குச் சொல்லும் பதிலையே இதற்கும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

போன மழைக்காலத்தில் திருவான்மியூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"டேய், ரிமோட்ல 24 காட்டுது. ரூமும் குளிரத்தான் செய்யுது. ஆனா ராத்திரி பெட்ஷீட்டத் தொட்டா ஈரமா இருக்கு. பீரோவுக்குப் பின்னால செவுத்துல பூசணம் வேற. மெக்கானிக் வந்து பாத்துட்டு கேஸ் கம்மியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. உங்க மாமா புது ஏசியே வாங்கிடலாம்ங்கறாரு."

"கேஸும் போட வேணாம், ஏசியும் வாங்க வேணாம். கொஞ்சம் பொறு. பால்கனியில டிரெயின் பைப்புக்குக் கீழ ஒரு பெயிண்ட் பக்கெட் வை. நான் வரேன்."

பக்கெட் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஏசியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் புகார் வரும் வீடுகளில் பாதிக்கு மேல் ஏசி பழுதாகி இருப்பதில்லை. அதனிடம் கேட்ட வேலையை அது ஒழுங்காகத்தான் செய்கிறது. ஈரத்தை எடு என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏசி பார்ப்பது வெப்பநிலையை மட்டும்

நம் வீட்டு ஸ்ப்ளிட் ஏசிகளில் பெரும்பாலானவற்றில் ஈரப்பதத்தை அளக்கும் சென்சார் கிடையாது. இண்டோர் யூனிட்டில் காற்று உள்ளே போகும் இடத்தில் மிளகு அளவில் ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். அது சொல்லும் வெப்பநிலை, ரிமோட்டில் நாம் வைத்த எண்ணுக்கு வந்துவிட்டால் ஏசியைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

ஈரம் போவது இதற்கு நடுவில் தானாக நடக்கும் காரியம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவைத்த பாட்டிலின் வெளிப்புறம் வேர்ப்பதைப் போலவே, உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளான காயிலும் வேர்க்கிறது. அந்த வேர்வை தட்டில் இறங்கி டிரெயின் பைப் வழியாக வெளியே போகிறது. இது நடக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். காயில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அப்படிக் குளிர்ந்த நிலையில் போதுமான நேரம் ஓட வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அறை குளிரும், ஈரம் அப்படியே நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வில்லிஸ் கேரியர் 1902-ல் முதல் நவீன ஏசியை வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்துக்கு ஏற்பக் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராமல் போய்க்கொண்டிருந்தது. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் கேரியரைக் கூப்பிட்டார்கள். ஈரத்துக்காகப் பிறந்த இயந்திரம் நம் படுக்கையறைக்கு வந்து சேர்ந்தபோது, அதன் ரிமோட்டில் ஈரத்துக்கு ஒரு எண்கூட இல்லை.

சரி, மே மாதத்தில் வராத நசநசப்பு நவம்பரில் ஏன் வருகிறது? மழைக்காலத்தில் காற்றில் தண்ணீர் அதிகம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி வராது. மே மாதம், கடல்காற்று வந்த பிறகு, சென்னையில் ஒரு மாலை 36 டிகிரி, ஈரப்பதம் 55 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் இருக்கும். நவம்பரில் மழை விட்ட ஓர் இரவு 27 டிகிரி, 88 சதவிகிதம். அதிலும் ஏறக்குறைய அதே 23 கிராம்தான்! சூடான காற்று அதிக ஆவியைத் தாங்கும் என்பதால் சதவிகிதம் மட்டும் மாறிக் காட்டுகிறது.

மாறுவது வெப்பத்தின் அளவு. மே மாதத்தில் சுவரும் மொட்டை மாடியும் கொதிக்கும். அந்தச் சூட்டை இறக்க ஏசி இரவு முழுக்க மூச்சு வாங்க ஓடும். போகிற போக்கில் தண்ணீரையும் பிடித்து வெளியே தள்ளிவிடும். நவம்பரில் வெளியே இருப்பதே 27 டிகிரி. 24-க்கு இறக்குவதற்கு ஏசிக்கு வேலையே இல்லை. சீக்கிரம் எண்ணை எட்டிவிட்டு ஓய்ந்துவிடும். எடுக்க வேண்டிய தண்ணீர் அதே அளவு இருக்கிறது, எடுப்பதற்கான ஓட்டம்தான் இல்லை.

ஓய்ந்துவிடும் என்றேன். அதிலும் இரண்டு வகை.

பழைய ஃபிக்ஸட் ஸ்பீடு ஏசியில் கம்ப்ரஸர் மொத்தமாக நின்றுவிடும், ஆனால் உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது காயில் மேலும் தட்டிலும் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பி வருகிறது. அமெரிக்காவில் நம்மூர் போலவே புழுங்கும் மாநிலம் புளோரிடா. அங்கே இருக்கும் புளோரிடா சூரிய ஆற்றல் மையத்தின் ஆய்வாளர்கள் இதை விரிவாக அளந்து பார்த்திருக்கிறார்கள். ஃபேன் நிற்காமல் ஓட, கம்ப்ரஸர் மட்டும் விட்டுவிட்டு ஓடும்போது, குறைந்த வெப்பம் உள்ள நேரங்களில் நிகரமாக ஈரம் ஏதும் வெளியேறாமலேயே போகலாம் என்பது அந்த வகை ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் நிற்பதற்குப் பதிலாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரம் மிச்சமாவது அதனால்தான். ஆனால் வேகம் குறையக் குறைய காயிலின் குளிரும் குறையும். முழு வேகத்தில் 8 டிகிரி அளவில் இருக்கும் காயில், மெதுவாக ஓடும்போது 15, 16-க்கு ஏறிவிடலாம். 24 டிகிரியும் 60 சதவிகித ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறக்குறைய 16 டிகிரிக்குக் கீழே உள்ள பரப்பில்தான் வேர்க்க ஆரம்பிக்கும். ஆக, காயில் 16-ல் நின்றால் அறை 60 சதவிகிதத்துக்குக் கீழே இறங்க வழியே இல்லை. ஐந்து நட்சத்திர லேபிளில் மின்சாரக் கணக்கு இருக்கும். மழைக்கால இரவில் எவ்வளவு தண்ணீர் எடுக்கும் என்ற கணக்கு இருக்காது.

அறைக் காற்றில் இருப்பதே அரை லிட்டர்தான்

அக்கா வீட்டுப் படுக்கையறை பன்னிரண்டுக்குப் பத்து அடி. உயரத்தையும் பத்து அடி என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 34 கன மீட்டர் காற்று. நான் கொண்டுபோன மீட்டரில் 24 டிகிரி, 76 சதவிகிதம் காட்டியது. அப்படியானால் அந்த அறைக் காற்றில் மிதக்கும் தண்ணீர் மொத்தமாக 560 கிராம் சொச்சம். அதை 55 சதவிகிதத்துக்குக் கொண்டுவர எடுக்க வேண்டியது 150 கிராம். ஒரு டம்ளர்கூட வராது.

மாமா நம்பவில்லை. "ஒரு டம்ளர் தண்ணிக்காடா இத்தன நாளா மிஷின் ஓடுது?"

நல்ல கேள்வி. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால், புழுக்கமான காற்றிலிருந்து மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுக்கக்கூடியது. ஒரு டம்ளர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியும் ஈரம் குறையவில்லை என்றால் இரண்டே சாத்தியங்கள். ஒன்று, ஏசி தண்ணீரே எடுக்கவில்லை. இல்லாவிட்டால், அது எடுக்க எடுக்க எங்கிருந்தோ புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்கத்தான் பக்கெட்.

மீட்டர், பக்கெட், நான்கு விடைகள்

முதலில் ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. மலிவான மீட்டர்கள் ஐந்து, பத்து சதவிகிதம் தப்பாகக் காட்டலாம் என்பதால் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மீட்டர் ஐந்து கூடக் காட்டுகிறது. அதைக் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள். ஈர உப்பின் மேல் இருக்கும் காற்று 75 சதவிகிதத்தில் நிற்கும் என்பது இயற்கையின் கணக்கு. நம் வீட்டு வெப்பநிலைகளில் அது பெரிதாக மாறுவதில்லை.

மீட்டரை ஏசிக் காற்று நேராகப் படும் இடத்தில் வைக்காதீர்கள். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போதும். பிறகு பக்கெட்டை டிரெயின் பைப்புக்குக் கீழே வைத்து, ஏசி போட்ட நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் டிரெயினை ஷாஃப்ட் பைப்போடு சேர்த்திருந்தால், அந்த ஒரு இரவுக்கு மட்டும் கழற்றி பக்கெட்டில் விடலாம். காலையில் அறை வெப்பநிலை, ஈரப்பதம், பக்கெட்டில் எத்தனை லிட்டர் என்று மூன்றையும் பாருங்கள். விடை இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

பக்கெட்டில் நிறையத் தண்ணீர், அறையும் குளிர்ந்திருக்கிறது, ஈரப்பதம் மட்டும் இறங்கவில்லை: ஏசி நன்றாக இருக்கிறது, வீட்டுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

பக்கெட்டில் கொஞ்சம்தான், அறை சொன்ன எண்ணுக்குக் குளிர்ந்துவிட்டது: ஏசி தேவையான அளவு ஓடவே இல்லை. செட்டிங் பிரச்சினை, அல்லது அறைக்கு மிஞ்சிய டன்.

பக்கெட்டில் கொஞ்சம்தான், அறையும் குளிரவில்லை: இப்போதுதான் மெக்கானிக்குக்கு வேலை.

பக்கெட்டில் ஒன்றும் இல்லை, இண்டோர் யூனிட்டிலிருந்து சுவரில் வழிகிறது: டிரெயின் அடைப்பு. எடுத்த தண்ணீர் வெளியே போகாமல் தட்டிலேயே தேங்கிக் கிடக்கிறது.

பக்கெட்டில் சேர்ந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். சுத்தமான தண்ணீர்தானே என்று யுபிஎஸ் பேட்டரியில் மட்டும் ஊற்றாதீர்கள். காயிலில் படிந்த தூசியும் உலோகத் துகளும் அதில் கலந்திருக்கும்.

அக்கா வீட்டு பக்கெட் பாதிக்கு மேல் நிரம்பி இருந்தது. மெக்கானிக் சொன்ன கேஸ் குறைவு அங்கேயே அடிபட்டுப் போயிற்று. இவ்வளவு தண்ணீரை இறக்கும் மிஷினில் கேஸ் தீர்ந்திருக்க வாய்ப்பில்லை.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது

முதல் சந்தேகம் அட்டாச்டு பாத்ரூம் மேல். அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. "பாத்ரூம் காயணும்ல" என்றாள் அக்கா. நியாயமான காரணம்தான். ஆனால் அந்த ஃபேன் மணிக்கு 150 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளுகிறது என்று வையுங்கள். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? பாத்ரூம் கதவுக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாக, ஏசி உலர்த்தி வைத்த அறைக்காற்று. அது வெளியே போன இடத்தை நிரப்ப ஜன்னல் சந்து, கதவிடுக்கு, ஏசி பைப் போகும் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. வெளிக்காற்றில் கன மீட்டருக்கு 23 கிராம், நமக்கு வேண்டியது 13 கிராம். வித்தியாசம் 10 கிராம். 150 கன மீட்டருக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர்! ஒன்றரை டன் ஏசி முழு மூச்சாக எடுக்கும் தண்ணீரை, ஒரு சின்ன ஃபேன் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

எக்ஸாஸ்ட் ஃபேன் போடவே கூடாது என்று சொல்லவில்லை. குளித்த பிறகு பாத்ரூம் கதவைச் சாத்திவிட்டுக் கால் மணி, இருபது நிமிடம் ஓட விடுங்கள். தரையில் நிற்கும் தண்ணீரை வைப்பரால் தள்ளிவிடுங்கள். படுக்கப் போகும்போது ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். கதவுக்குக் கீழே ஒட்டும் ரப்பர் பட்டை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. சமையலறை சிம்னிக்கும் இதே கதைதான்: சமையல் முடிந்த பிறகும் மறந்து ஓடிக்கொண்டிருந்தால் வீடு முழுக்க வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, துணி. மழைக்காலத்தில் மொட்டை மாடிக் கொடி உதவாது. அதனால் ஸ்டாண்டை விரித்துப் படுக்கையறையில் போட்டுவிடுகிறோம், "ஏசி காத்துல காஞ்சிடும்" என்று. காயத்தான் செய்யும். வாஷிங் மெஷின் பிழிந்து கொடுத்த பிறகும் ஒரு நடைத் துணியில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் இருக்கும். துணி காய்ந்தால் அத்தனையும் காற்றுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அக்காவின் ஸ்டாண்டை ஹாலுக்கு மாற்றினோம். ஃபேனும் திறந்த ஜன்னலும் இருக்கும் இடத்தில் துணி காயட்டும். ஏசி அறையில் வேண்டாம்.

மூன்றாவது, மனிதர்கள். மூச்சிலும் தோல் வழியாகவும் தூங்கும் ஒருவர் மணிக்கு நாற்பது, ஐம்பது கிராம் ஈரத்தை வெளியே விடுகிறார். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் முக்கால் லிட்டர். இதை ஒன்றும் செய்ய முடியாது, இதற்காகத்தான் ஏசி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஜன்னலும் பாத்ரூமும் துணியும் சரியாக இருந்தால், மீதி இருப்பது மணிக்கு நூறு கிராம் அளவுதான். எந்த ஏசியும் இதைச் சமாளிக்கும். அதற்காகக் காற்றே புகாமல் அறையைத் தாளிட்டு ஒட்டவும் வேண்டாம். தூங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் வெளிக்காற்று வேண்டும், சாதாரணக் கதவிடுக்கு வழியாக வருவதே போதும்.

நான்காவதாக, கண்ணுக்குத் தெரியாத சேமிப்பு ஒன்று உண்டு. மெத்தை, தலையணை, பீரோவில் இருக்கும் பட்டுப்புடவை, புத்தகம், மர அலமாரி எல்லாம் வாரக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். காற்று காய்ந்ததும் அவை மெல்லத் திருப்பித் தரும். அதனால் எல்லாவற்றையும் சரிசெய்த முதல் ராத்திரியே மீட்டர் இறங்கவில்லை என்று சோர்ந்துவிடக் கூடாது. சில நாட்கள் பிடிக்கும்.

ரிமோட்டில் என்ன செய்வது

நசநசப்பு தாங்காமல் பெரும்பாலோர் செய்வது எண்ணை 20-க்கும் 18-க்கும் இறக்குவது. அதனால் ஏசி கூடுதலாக ஓடும், கொஞ்சம் தண்ணீரும் போகும், உண்மைதான். ஆனால் சதவிகிதத்தைப் பாருங்கள். கன மீட்டருக்குப் பன்னிரண்டரை கிராம் தண்ணீர் இருக்கும் காற்று, 26 டிகிரியில் 51 சதவிகிதம். அதே காற்று 20 டிகிரியில் 72 சதவிகிதம். மெத்தைக்கும் சுவருக்கும் பூசணத்துக்கும் கணக்கு இந்தச் சதவிகிதம்தான். எண்ணை இறக்க இறக்க அறை குளிர்ந்த ஈரக் கிடங்காக மாறுகிறது. போதாக்குறைக்கு, குளிர்ந்துபோன சுவரில் வெளிக்காற்று படும் இடமெல்லாம் வேர்க்கிறது. அக்கா வீட்டு பீரோவுக்குப் பின்னால் பூசணம் பூத்தது இப்படித்தான். காற்றோட்டம் இல்லாத மூலை, குளிர்ந்த சுவர், ஈரமான காற்று, மூன்றும் அங்கே கூடியிருந்தன. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கச் சொன்னேன்.

மழைக்காலத்துக்கு நான் சொல்லும் எண் 26. மேலே சீலிங் ஃபேன் ஒன்றில் அல்லது இரண்டில். மத்திய அரசு, எரிசக்தித் திறன் அமைப்பின் ஆலோசனையுடன், 2020 ஜனவரி 1 முதல், அறை ஏசிகளை ஆன் செய்தவுடன் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அது தொடக்க எண்தான். அங்கேயே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 55 சதவிகித ஈரப்பதத்தில் 26 டிகிரி, 76 சதவிகிதத்தில் 24 டிகிரியைவிடப் பலருக்குச் சுகமாக இருக்கும். வேர்வை ஆவியாக முடிந்தால் உடம்பு தன்னைத் தானே குளிர வைத்துக்கொள்ளும்.

ஆனால் 26 வைத்தால் ஏசி இன்னும் குறைவாக அல்லவா ஓடும்? இங்கேதான் ட்ரை மோட். ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்டிருக்கும் பொத்தான். அதை அழுத்தினால் இண்டோர் ஃபேன் மிகக் குறைந்த வேகத்துக்குப் போகும், கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடும். காற்று மெதுவாகப் போவதால் காயில் நன்றாகக் குளிரும், ஒவ்வொரு கன மீட்டரிலிருந்தும் அதிகத் தண்ணீர் இறங்கும். வெப்பம் குறைவாகவும் ஈரம் அதிகமாகவும் இருக்கும் ஐப்பசி, கார்த்திகை இரவுகளுக்கென்றே செய்தது. கத்தரி வெயிலில் இதைப் போட்டுவிட்டு "கூலே ஆகலை" என்று திட்டக் கூடாது.

ட்ரை மோடும் மாயம் ஒன்றும் இல்லை. பல மாடல்களில் அதற்கும் ஈரம் தெரியாது. நேரக் கணக்கிலும் வெப்பநிலைக் கணக்கிலும்தான் ஓடும். அது உங்கள் ஏசியில் சரிவரவில்லை என்றால் கூல் மோடிலேயே ஃபேனை 'லோ'வில் வையுங்கள். 'ஆட்டோ' வேண்டாம், ஈகோ மோட் வேண்டாம். படுக்கப் போகும் முன் அரைமணி நேரம் 22-ல் ஓடவிட்டுப் பிறகு 26-க்கு ஏற்றுவதும் ஒரு வழி. அந்த அரைமணியில் காயில் நன்றாகக் குளிர்ந்து பெரும்பகுதித் தண்ணீரை எடுத்துவிடும்.

சில ஏசிகளில் ஆஃப் செய்த பிறகும் ஃபேன் சிறிது நேரம் ஓடும். காயிலை உலர்த்திப் பூசணம் வராமல் காக்கும் ஏற்பாடு அது. அந்த ஈரம் அறைக்குத்தான் வரும். விடியற்காலையில் ஏசியை நிறுத்தியதும் மீட்டர் ஏறினால் பதற வேண்டாம், அந்த வசதியை நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தினால் ஊறிய துணி வாடை வர ஆரம்பிக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய நேரம்

இத்தனைக்குப் பிறகும் அறை குளிரவில்லை, பக்கெட்டும் காலி என்றால் மிஷினைப் பார்க்கத்தான் வேண்டும். போன் போடும் முன் நீங்களே செய்யக்கூடியவை சில.

ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். அடைத்த ஃபில்டரால் காற்று குறைந்து, காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, ஐஸ் கட்டிக்கொள்ளும். ஐஸ் கட்டிய காயில் வழியாகக் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. ஐஸ் தெரிந்தால் ஏசியை நிறுத்திவிட்டு ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டு முழுக்க உருகட்டும். கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்தாதீர்கள்.

பிறகு 18-ல் வைத்து, ஃபேன் ஹையில், இருபது நிமிடம் ஓடவிட்டு அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு செம்புக் குழாய்களைப் பாருங்கள். கை எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும். பால்கனிக்கு வெளியே தொங்கிப் பார்க்க வேண்டாம். தடித்த குழாய் குளிர்ந்து வேர்த்திருக்க வேண்டும். அது சாதாரணமாக இருக்க, மெல்லிய குழாயில் மட்டும் வெள்ளையாகப் பனி படிந்திருந்தால் கேஸ் குறைந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் அர்த்தம் உண்டு.

கேஸ் விஷயத்தில் ஒன்றை மனதில் வையுங்கள். வண்டிக்குப் பெட்ரோல் தீர்வது போல ஏசியில் கேஸ் தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக். திருவான்மியூர், பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரிக் கடலோர வீடுகளில் உப்புக் காற்று காயிலை அரித்து இது நடப்பது வழக்கம். லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போனால் அடுத்த சீசனுக்குள் மறுபடி போன் செய்வீர்கள். அதனால் வருகிறவரிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, லீக் எங்கன்னு நைட்ரஜன் பிரஷர் போட்டுப் பாத்தீங்களா? வேக்குவம் எடுத்துட்டு, ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற கிராம் கணக்குக்கு வெயிட் போட்டு ஏத்துவீங்களா?" எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே அச்சாகி இருக்கும். தெரிந்து கேட்கிறீர்கள் என்றதும் பேச்சின் தொனியே மாறும். இப்போதைய ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்32 தீப்பற்றக்கூடியது. அதில் நாமே கை வைக்கும் வேலை வேண்டாம்.

காயிலிலும் புளோயரிலும் அழுக்கு அப்பியிருந்தால் வாட்டர் வாஷ் தேவை. அதோடு சேர்த்து டிரெயின் பைப்பையும் ஊதி எடுக்கச் சொல்லுங்கள். வழவழவென்று பாசி கட்டித்தான் பெரும்பாலும் அடைக்கும். பைப் முழு நீளமும் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா, நடுவில் தொய்ந்து மேலேறுகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு

கடைக்காரர் "எதுக்கும் ஒண்ணரை டன்னாவே போட்டுக்குங்க சார்" என்பார். மேல்மாடி, மேற்கு வெயில் சுவர் என்றால் சரி. நடு மாடியில் நூறு சதுர அடி அறைக்கு ஒன்றரை டன் வாங்கினால், மே மாதத்தில் பத்து நிமிடம் முன்னதாகக் குளிரும், மழைக்காலம் முழுக்க நசநசக்கும். பெரிய மிஷின் எண்ணைச் சீக்கிரம் எட்டிவிட்டு அடங்கிவிடும். ஈரம் எடுக்கத் தேவைப்படுவது ஓட்டம், அவசரம் அல்ல. ஒரு டன் போதுமா என்று இரண்டு இடத்தில் விசாரியுங்கள். இன்வெர்ட்டர் மாடல்களில் குளிரூட்டும் திறனை அதிகபட்சம், குறைந்தபட்சம் என்று இரண்டாகக் கொடுத்திருப்பார்கள். எல்லோரும் பார்ப்பது அதிகபட்சத்தை. நவம்பர் இரவுக்குக் குறைந்தபட்சத்தையும் பாருங்கள். ஈரப்பத சென்சார் உண்டா, ஈரப்பத எண்ணை நாமே வைக்க முடியுமா என்றும் கேட்கலாம். சில மாடல்களில் இருக்கிறது.

பூசணம், ஆஸ்துமா, புத்தக அலமாரி, கேமரா லென்ஸ் என்று ஈரத்துக்கு அஞ்ச வேண்டிய காரணம் இருந்தால் தனியாக ஒரு டீஹ்யூமிடிஃபையர் வாங்குவதே நேர்வழி. ஈரத்தை எடுக்கும்போது அது அறையைச் சற்றுச் சூடாக்கும் என்பது தெரிந்து வாங்குங்கள். ஏசியே தேவைப்படாத அடைமழை நாட்களில் அதை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம்.

அக்கா வீட்டில் எதுவும் வாங்கவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் இரவில் நிற்கிறது, துணி ஸ்டாண்டு ஹாலில், ரிமோட்டில் ட்ரை மோட், 26. மீட்டர் 55-க்கும் 60-க்கும் நடுவில் நிற்கிறது. பக்கெட்டில் தண்ணீர் முன்பைவிடக் குறைந்துவிட்டது என்று மாமாவுக்கு ஒரு கவலை, ஏசி சரியாக வேலை செய்யவில்லையோ என்று. உள்ளே வரும் தண்ணீர் குறைந்தால் வெளியே போவதும் குறையத்தானே செய்யும் என்று விளக்கினேன். மீட்டரைக் கையில் எடுத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்த மெக்கானிக்குக்கு போன் பண்ணி கேஸ் வேணாம்னு சொல்லிடவா?" என்று கேட்டார். சொல்லிவிடுங்கள், வாட்டர் வாஷுக்கு மட்டும் வரச் சொல்லுங்கள் என்றேன்.